கே800ஐ: பாம்பன் கரையில் ஒரு கேமரா போன்

கேள்வி: 2006-இல் வந்த சோனி எரிக்சன் கே800ஐ உண்மையிலேயே நல்ல கேமரா போன்தானா? பழைய பொருள் என்ற பாசத்தில் புகழ்கிறார்களா?

நல்ல கேமராதான், அடித்துச் சொல்வேன். ஆனால் பலரும் சொல்கிற 3.2 மெகாபிக்சல் அதற்குக் காரணமல்ல. அதே ஆண்டு வந்த நோக்கியா என்73-லும் 3.2 மெகாபிக்சல்தான், கூடவே பேர்பெற்ற ஜெர்மன் நிறுவனமான கார்ல் சைஸின் லென்ஸ். பகல் வெளிச்சத்தில் அது எந்த விதத்திலும் இளைத்ததில்லை. இருட்டில்தான் கே800ஐ எங்கோ போய்விட்டது. காரணம், அதிலிருந்த செனான் ஃபிளாஷ், அதாவது செனான் வாயு அடைத்த குழாயில் பளிச்சென்று மின்னும் விளக்கு.

என் மாமா பாம்பனில் நண்டு வியாபாரம் செய்தவர். வளைகுடாவிலிருந்து வந்த உறவினர் அவருக்குக் கொடுத்த போன் அது. பேசுவதற்கு அவர், படம் எடுப்பதற்கு நான் என்று எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. வள்ளங்கள் கரை சேரும் நேரம் கிழக்கு வெளுத்திருக்காது. ஏலம் போடும் இடத்தில் மஞ்சள் குண்டு பல்புதான் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் சாதாரண போனில் படமெடுத்தால் நீலக்கால் நண்டு சேற்று நிறத்தில் தெரியும். செனான் விளக்கின் ஒளியோ பகல் வெளிச்சத்தின் நிறத்தை ஒட்டியது. ஆண் நண்டின் கொடுக்கில் ஓடும் நீலம், ஓட்டின் மேல் வெள்ளைப் புள்ளிகள், முதுகில் இன்னும் காயாத கடல்நீர் எல்லாம் அப்படியே பதியும். முதல் படத்தைப் பார்த்துவிட்டு மாமா, “கையில் எடுத்துப் பார்க்கிற மாதிரி இருக்கிறதே, மருமகனே!” என்றார்.

இன்னொன்றும் உண்டு. செனான் ஃபிளாஷ், மின்தேக்கியில் சேர்த்துவைத்த மின்சாரம் முழுவதையும் ஒரே வெட்டில் கொட்டிவிடும். வெளிச்சம் நிற்பது வினாடியில் மிகச் சிறு பங்குதான். அதனால் கூடையைக் கவிழ்க்கும்போது காலை உதறுகிற நண்டுகூட அசைவில்லாமல் படத்தில் நிற்கும். அக்காலத்து எல்.இ.டி. விளக்குகளால் இது முடியாது. இன்றைய போன்கள் இருட்டில் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கின்றன. அசையாத பொருளுக்கு அது அற்புதம், துள்ளுகிற மீனுக்கு அவ்வளவு சரிவராது என்பது என் கருத்து.

செனான் ஃபிளாஷின் வெளிச்சம் எட்டும் தூரம் சில அடிகள்தான். கடலைப் பார்த்து அழுத்தினால் வெறும் கறுப்பு. மிக அருகே போனால் சூடை, நெத்திலி போன்ற பளபளப்பான மீன்களின் வயிறு வெள்ளையாக எரிந்துவிடும். ஃபிளாஷின் மேல் மெல்லிய வெள்ளைத் துணியை ஒற்றை மடிப்பாக வைத்தால் செதில் செதிலாகத் தெரியும். அடுத்த படத்துக்கு மின்தேக்கி நிரம்பும்வரை காத்திருக்கவும் வேண்டும்.

பகலில் எனக்குப் பிடித்தது ‘பெஸ்ட்பிக்’ வசதி. பொத்தானை அழுத்திய நொடிக்கு முன்னும் பின்னுமாக ஒன்பது படங்களை அது பிடித்துவைக்கும். வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கலாம். தென்கடல் பக்கம் முழங்கால் தண்ணீரில் நின்று வீச்சுவலை எறிபவரைப் படமெடுத்துப் பாருங்கள். வலை வட்டமாக விரிந்து, ஈயக் குண்டுகள் நீரைத் தொடுவதற்கு முந்திய கணம் கண்ணுக்குத் தெரிவதற்குள் போய்விடும். நம் விரல் எப்போதும் பிந்தும். முன்னால் நடந்ததையும் சேர்த்துத் தரும் இந்த வசதியில்தான் அந்த வட்டம் எனக்கு முழுதாகக் கிடைத்தது. அந்தப் படத்தை இன்னமும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தனுஷ்கோடியின் வெயிலில் கதை வேறு. வெண்மணலும் வானமும் ஒரே படத்தில் வந்தால் இரண்டில் ஒன்று பறிபோகும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை, கொஞ்சம் குறைத்து எடுத்தால் மேகமாவது மிஞ்சும். 16 மடங்கு ஜூம் என்று போட்டிருப்பதை நம்பவே வேண்டாம். அது டிஜிட்டல் ஜூம், லென்ஸ் நகராமல் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது மட்டும்தான். சாலைப் பாலத்தில் நின்று ரயில் பாலத்தை இழுத்து எடுத்தால் இரும்புச் சட்டங்கள் எல்லாம் கரைந்துபோன கோலம்போல ஆகிவிடும். வீடியோ 176-க்கு 144 புள்ளிகள்தான், பேசிப் பயனில்லை.

படத்தின் அளவு 2048-க்கு 1536 புள்ளிகள். ஸ்டூடியோவில் நாலுக்கு ஆறு அங்குலத்தில் அச்சிட இது தாராளம். அச்சில் பார்த்தவர்கள் போனில் எடுத்தது என்று நம்பவில்லை. இன்றைய பெரிய திரையில் பெரிதாக்கிப் பார்த்துக் குறை சொல்வது அந்தக் கேமராவுக்குச் செய்கிற அநியாயம்.

இப்போது பழையது ஒன்று வாங்கும் எண்ணமிருந்தால், கடையின் இருட்டான மூலையில் ஃபிளாஷை அடுத்தடுத்து அடித்துப் பாருங்கள். பின்னால் லென்ஸ் மூடியை இறக்கி ஏற்றிப் பாருங்கள். கரையோரம் புழங்கிய போன் என்றால் மணல் புகுந்து கரகரக்கும். அடியிலுள்ள சார்ஜர் முனையில் பச்சை பிடித்திருந்தால் உப்புக்காற்று வேலையைக் காட்டிவிட்டது, வேண்டாம். பேட்டரி பிஎஸ்டி-33, மெமரி கார்டு எம்2 வகை. உள்நினைவகம் 64 எம்பிதான் என்பதால், கார்டு இல்லாமல் தந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.