ராக்வெல் 62 காட்டியும் பூச்சு ஏன் தேய்கிறது?

கேள்வி: மணல் தள்ளும் ஸ்க்ரூ கன்வேயரின் பிளேடு ஓரங்கள் தேயாமலிருக்க, அவற்றின்மேல் இதுவரை குரோமியம் கார்பைடு வெல்டிங் ராடால் கடினப் பூச்சு போட்டுவந்தோம். இன்னும் நீண்ட நாள் உழைக்கட்டும் என்று, இந்த முறை டங்ஸ்டன் கார்பைடு கலந்த நிக்கல் கோர்டு ஒயருக்கு (உள்ளே தூள் நிரப்பிய வெல்டிங் கம்பி) மாறி, மிக் வெல்டிங் மெஷினில் இரண்டு லேயர் வைத்தோம். கடினத்தன்மை ராக்வெல் சி அளவில் 62 காட்டியது. ஆனால் பழைய பூச்சைவிட ஒரு நாள்கூடக் கூடுதலாகத் தாங்கவில்லை. குறுக்கே விரிசல்களும் தெரிகின்றன. தவறு ஒயரிலா, எங்கள் கையிலா?

பதில்: பெரும்பாலும் கையில்தான். இன்னும் குறிப்பாகச் சொன்னால், ஆம்பியர் குமிழில்.

குரோமியம் கார்பைடு ராடில் இருக்கும் குரோமியமும் கார்பனும் உருகிக் கலந்து, உலோகம் ஆறும்போதுதான் கார்பைடு படிகங்களாக விளைகின்றன. அதைத் தாராளமாக உருக்கலாம். டங்ஸ்டன் கார்பைடு அப்படி இல்லை. அங்கே கார்பைடு மணிகள் (சிறு துகள்கள்) ஒயருக்குள் தயாராகவே இருக்கின்றன. கான்கிரீட்டில் ஜல்லி எப்படியோ, பூச்சில் அந்த மணிகள் அப்படி, நிக்கல்தான் சிமென்ட். நிக்கலை மட்டும் உருக்கி, மணிக்குச் சேதமில்லாமல் பிடித்துவைப்பதே உங்கள் வேலை.

இந்த வகை ஒயரில் வரும் நிக்கல்-போரான்-சிலிக்கான் கலவை 1000 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகிவிடும். டங்ஸ்டன் கார்பைடு உருக ஏறக்குறைய 2800 டிகிரி வேண்டும். இவ்வளவு இடைவெளி இருக்கும்போது மணிக்கு என்ன ஆகிவிடும் என்று தோன்றும். உப்பு உருக 800 டிகிரி வேண்டும், தண்ணீரில் கரைய அது வேண்டியதில்லை அல்லவா? உருகிய உலோகத்தில் கார்பைடு மணியும் அப்படித்தான் கரைகிறது. வெல்டிங் ஆர்க் (மின்பொறி) பூச்சுக்கு அடியில் உள்ள இரும்பைத் தோண்டினால் நிலைமை இன்னும் மோசம். இரும்பு நிக்கலில் கலக்கும், மணிகள் வேகமாகக் கரையும், அவற்றின் இடத்தில் இரும்பும் டங்ஸ்டனும் சேர்ந்த நொறுங்கும் கார்பைடுகள் உருவாகும்.

அந்த 62-ஐ நான் நம்பாததற்குக் காரணம் இதுதான். ராக்வெல் முனை மணியையும் நிக்கலையும் சேர்த்தே அழுத்துகிறது. எது எவ்வளவு என்று அந்த எண் சொல்லாது. கரைந்த டங்ஸ்டனும் கார்பனும் நிக்கலையே இறுக்கிவிடுவதால், மணிகளைத் தொலைத்த பூச்சும் மீட்டரில் நல்ல எண்ணைக் காட்டும். உங்கள் விரிசல்களுக்கும் அந்த இறுக்கத்தில் பங்கு இருக்கலாம். ஆனால் விரிசலைப் பார்த்தே பயப்பட வேண்டாம். பீடுக்கு (ஒரு ஓட்டத்தில் விழும் வெல்டிங் வரி) குறுக்கே ஓடி, அடி உலோகத்துக்குள் இறங்காமல் நிற்கும் விரிசல் பூச்சின் இழுவிசையைத் தளர்த்துகிறது, அவ்வளவுதான். பூச்சும் அடி உலோகமும் சேரும் கோட்டை ஒட்டி ஓடும் விரிசல்தான் ஆபத்து. அது பூச்சைப் பட்டை பட்டையாக உரித்துவிடும்.

சரி, எப்படி உறுதிசெய்வது? ஒரு துண்டை வெட்டி, குறுக்குமுகத்தை டைமண்ட் தாளில் தேய்த்து மெருகேற்றி, உருப்பெருக்கியில் பாருங்கள். மணிகள் கூர்மையான ஓரத்தோடு மேலிருந்து கீழ்வரை பரவியிருந்தால் வெல்டிங் நன்றாக வந்திருக்கிறது. ஓரம் மழுங்கி, எண்ணிக்கை குறைந்திருந்தால் கரைத்துவிட்டீர்கள். எல்லாம் அடியில் குவிந்திருந்தாலும் சூடு அதிகம் என்றே பொருள். டங்ஸ்டன் கார்பைடின் அடர்த்தி 15.6, நிக்கலுடையது 8.9. உலோகக் குளம் நீண்ட நேரம் உருகிக் கிடந்தால் மணிகள் மூழ்கத்தானே செய்யும்?

அடுத்த முறை ஒயர் தயாரிப்பாளர் சொல்லும் வரம்பில் குறைந்த ஆம்பியர், குறைந்த வோல்ட்டில் தொடங்குங்கள். ஆர்க்கை வெறும் இரும்பின்மேல் காட்டாமல், முந்தைய பீடின் ஓரத்தில் ஏற்றி ஓட்டுங்கள். அடி இரும்பு கலப்பது வெகுவாகக் குறையும். பீடுகளுக்கு இடையே ஆறவிடுங்கள். முன்சூடு அடி உலோகத்துக்குத் தேவையான அளவு போதும். ஒரே லேயரோடு நிறுத்திவிடுங்கள். இரண்டாவதை வைக்கும்போது முதல் லேயரின் மணிகளையும் மறுபடி வேகவைக்கிறீர்கள். கனம் தேவைப்பட்டால், முதலில் சாதாரண ஒயரால் நிரப்பிவிட்டு மேலே ஒரு லேயர் வைக்கலாம். புகையில் நிக்கல் இருக்கும். புகை உறிஞ்சி இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

இந்த வேலை அடிக்கடி வருமானால் பூச்சுத் தூளைப் பிளாஸ்மா ஆர்க்கில் உருக்கி வைக்கும் பிளாஸ்மா பவுடர் வெல்டிங் பற்றி யோசிக்கலாம். அடி உலோகம் கலப்பதை அதில் 5 முதல் 10 சதவீதத்துக்குள் வைக்க முடியும். மெஷின் வாங்க வசதியில்லை என்றால், பழைய ஆக்சி-அசிட்டிலின் டார்ச்சும் ரோப் ஃபில்லரும் (கார்பைடு மணிகள் பூசிய, வளையும் கம்பி) இருக்கின்றன. மெதுவான வேலைதான், ஆனால் மிக் ஆர்க்கைவிட மணிகளிடம் மென்மையாக நடந்துகொள்ளும். சிறிய பிளேடுகளுக்கு நான் இதையே தேர்ந்தெடுப்பேன்.

மணியின் அளவையும் கேட்டு வாங்குங்கள். நுண்மணல் பெரிய மணிகளுக்கு நடுவே புகுந்து மென்மையான நிக்கலை அரித்தெடுக்கும், பிடிமானம் போன மணி முழுசாக உதிரும். மணல் பொடியாக இருந்தால் பூச்சிலும் சிறிய மணிகள் நெருக்கமாக இருக்க வேண்டும். பெரிய கற்கள் மோதும் இடமென்றால் இந்தப் பூச்சே பொருந்தாது, மணிகள் உடைந்துவிடும்.

அப்புறம் ஒன்று: பழைய குரோமியம் கார்பைடு லேயரின் மேலேயே இதைப் போட்டீர்களா? அப்படியானால் மேலே சொன்னதையெல்லாம் சரிசெய்தாலும் பூச்சு நிற்காது. அந்த லேயர் ஏற்கெனவே விரிசல் விட்டது. மேலே வைப்பதையும் தன்னோடு இழுத்துக்கொண்டு உதிரும். கௌஜிங் செய்து (ஆர்க்கால் உருக்கித் தோண்டி) நல்ல இரும்பு தெரியும்வரை எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு ஒரு சோதனைத் துண்டில் போட்டு வெட்டிப் பாருங்கள்.