நுரைக்காத சவுக்காரத்துல இருந்து தொடங்குங்க

கேள்வி: அக்கா, 2060ல நம்மட வாவிக்கரை ஊர் எப்படி இருக்கும் என்டு ஒரு காலநிலைக் கதை எழுதுறன், முதல் பந்தி இதோட அனுப்பியிருக்கன். வாசிச்ச கூட்டாளி நியூஸ் மாதிரி இருக்கு, ஐம்புலனும் வரணும் என்டு சொல்லிட்டா. எப்படிக் கொண்டு வாறது?
- வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, கூட்டாளி சொன்னது சரிதான். கடல் ஏறுது, வானம் கறுக்குது, வயல் வெடிக்குது என்டு உங்கட பந்தியில எல்லாமே கண்ணால பார்த்ததுதான். கண்ணால பார்த்தத மட்டும் எழுதினா நியூஸ் மாதிரித்தான் இருக்கும், நாக்குலயும் தோலுலயும் படுறதையும் எழுதணும்.

கிணத்த எடுங்களன். நம்மட கடற்கரை மணல் ஊருகள்ல நல்ல தண்ணி பாரம் குறைவு என்டதால உப்புத்தண்ணிக்கு மேல மிதந்துகொண்டுதான் கிடக்கு, கடல் மட்டம் ஏறினாலும் மழை பொய்ச்சாலும் மோட்டர் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைச்சாலும் கீழ கிடக்கிற உப்பு மேல வந்துரும். 2004 சுனாமிக்குப் பிறகு துப்புரவாக்குறம் என்டு இறைச்சு இறைச்சே இன்னும் உவராக்கின கிணறுகள் இருக்கு. (சுனாமி நிலநடுக்கத்தால வந்தது, அதக் காலநிலைக் கணக்கில சேர்த்துராதீங்க, நிறையப் பேர் விடுற பிழை.)

இப்ப உங்கட கதையில வாற அம்மம்மா விடியக் கிணத்தடியில நிக்கிறா, சவுக்காரத்தத் தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்க்கிறா, நுரை வரல்ல, கையெல்லாம் பிசுபிசுக்குது. தேத்தண்ணி ஊத்திக் குடுத்தா பேரன் ஒரு மிடறு குடிச்சிட்டு அவட முகத்தப் பார்க்கிறான். அவ ஒண்டும் பேசல்ல, இன்னொரு கரண்டி சீனி போட்டுக் கலக்குறா. கடல் மட்டம் என்ட சொல்லே அங்க தேவல்ல.

சத்தத்துக்கு மட்டக்களப்பு வாவியில கேக்குற பாடும் மீன் இருக்கே என்பீங்க. கல்லடிப் பாலத்தடியில பௌர்ணமி ராவில துடுப்பத் தண்ணிக்குள்ள விட்டு மற்ற முனையில காத வச்சுக் கேக்கிறது எல்லாருக்கும் தெரியும், அதனால மீன் பாட்ட வர்ணிக்கப் போகாதீங்க. ஈரக் கட்டை காதுல சில்லென்டு ஒட்டுறத எழுதுங்க, அப்படிக் காத வச்ச ஒரு கிழவருக்குக் கேக்குறது அக்கரையில ராப்பகலா ஓடுற தண்ணி மோட்டர் இரைச்சல் என்டு எழுதுங்க.

மணத்துக்கு வயசானவங்களத்தான் பிடிக்கணும். மட்டக்களப்ப அடிச்ச 1978 நவம்பர் 23 புயலப் பத்திக் கேளுங்க. என்ட அம்மம்மா காத்து வேகம் ஒண்டும் சொல்லமாட்டா, மறுநாள் ஊர் முழுக்க முறிஞ்ச பச்சத் தென்னை மணம் அடிச்சதத்தான் சொல்லுவா, சொல்லக்குள்ள இப்பவும் மூக்கச் சுருக்குவா. அந்தச் சுருக்கலையும் எழுதி வச்சுக்கொள்ளுங்க.

அதுக்காக ஒவ்வொரு பந்தியிலயும் அஞ்சையும் திணிக்க வேணாம். கச்சான் என்ட வறண்ட காத்துல உதடு வெடிச்சு மீன்குழம்புக் காரம் எரியிறது ஒண்டே ஒரு பக்கத்துக்குப் போதும். முதல் பந்திய வெட்டிட்டுக் கிணத்தடியில தொடங்கித் திரும்ப அனுப்புங்க, நான் பார்த்துக்கொண்டிருப்பன்.