வலையில் மாட்டினால் எந்தக் கத்தி கைகொடுக்கும்? நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: ஆயர் தாவாரிலிருந்து எழுதுகிறேன். நண்பர்களோடு லுமுட்டில் படகேறி புலாவ் செம்பிலான் பக்கம் டைவிங் போகிறோம். பாறைகளில் அறுந்த வலைகள் கிடக்கின்றன. கடையில் 15 செண்டிமீட்டர் நீளக் கத்தி ஒன்றும், உள்ளங்கை அளவில் ஒரு வெட்டியும் காட்டினார்கள். எதை வாங்குவது?

பதில்: பெரிய கத்தியைக் கடையிலேயே வைத்துவிடுங்கள். தொய்ந்து கிடக்கும் நைலான் நரம்பை எவ்வளவு கூரான கத்தியும் வெட்டாது. முன்னால் தள்ளிக்கொண்டுதான் போகும். இன்னொரு கையால் இழுத்து விறைப்பாக்கினால்தான் அறும். மாட்டிக்கொண்டவருக்குப் பெரும்பாலும் அந்த இன்னொரு கைதான் வலைக்குள் இருக்கும். அதனால் ஒரே கையால், தொய்ந்த வலையை வெட்டுகிற கருவியே முதலில் வேண்டும். கத்தி அதற்குப் பிறகுதான்.

அப்படிப்பட்ட கருவி, ஆம்புலன்ஸில் துணி வெட்ட வைத்திருக்கும் மழுங்கிய மூக்குக் கத்தரி. இரண்டு வாயும் நரம்பைக் கவ்விக்கொள்வதால் தொய்வு ஒரு தடையில்லை. வாங்கும்போது ஒரு வாயின் ஓரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், மணல்போல் நுண்பற்கள் தெரிய வேண்டும். அவை இல்லாவிட்டால் நைலான் நரம்பு வழுக்கி நுனிக்கு ஓடிவிடும். நல்ல கத்தரி தூண்டிலில் கட்டும் மெல்லிய எஃகுக் கம்பியையும் வெட்டும். கத்தியால் அது ஆகாது. கத்தரியின் பலவீனம் நடுவில் உள்ள ஆணி. அங்கே உப்புத் தங்கித் துருப்பிடித்தால் மொத்தமும் இறுகிப்போகும்.

கடைக்காரர் காட்டிய சின்ன வெட்டியும் நல்லதுதான். கூர் உள்ளே மறைந்திருக்கும், வாய்க்குள் நரம்பைக் கொக்கிபோல் மாட்டி இழுத்தால் அறும். காற்றுக்குழாயையோ விரலையோ வெட்டிவிடும் பயம் குறைவு. ஆனால் தடித்த கயிறு அந்த வாய்க்குள் நுழையாது. பிளேடு மாற்றக்கூடிய வகையாகப் பார்த்து வாங்குங்கள். துருப்புள்ளி விழுந்ததும் மாற்றிவிடலாம்.

கத்தி வேண்டியது, வலையின் ஓரத்தில் ஓடும் தடித்த கயிற்றுக்கு. 7 முதல் 10 செண்டிமீட்டர் வாய் போதும். ஒரு பக்கம் வழவழப்பான வாய், மறுபக்கம் அரம்பப் பல். நரம்பு வலைக்கு வழவழப்பான வாய், முறுக்கிய இழுவை வலைக்கும் கயிற்றுக்கும் பல். முனை உளிபோல் தட்டையாக இருக்கட்டும். கூர்முனைக் கத்தி அவசரத்தில் நீங்கள் மிதப்புக்காக உடுத்தும் காற்றுச் சட்டையையே குத்திவிடும்.

படகுத்துறையில் கேட்டு ஒரு மீட்டர் கிழிந்த வலை வாங்கி வாருங்கள். தண்ணீர்த் தோம்பில் அமிழ்த்தி, கையுறை போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, வலக்கையால் ஒரு முறை, இடக்கையால் ஒரு முறை, வலையை இழுக்காமலே வெட்டிப் பாருங்கள். இரண்டு கையாலும் முடிந்த கருவியை மட்டும் கடலுக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பட்டறையில் செம்பனை அரிவாளுக்குச் சாணை பிடிக்கிறார்கள். டைவிங் கத்தியையும் அங்கே கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். சுழலும் சாணையில் மெல்லிய வாய் நொடியில் சூடேறிவிடும். ஓரத்தில் வைக்கோல் நிறம் தெரிந்து, அது நீலமாக மாறினால் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கும். அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது. மறுபடி எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. இன்னொன்று, அந்தச் சக்கரத்தில் அரிவாள்களின் சாதாரண இரும்புத்தூள் ஏறியிருக்கும். அது துருப்பிடிக்காத எஃகின் மேல் பதிந்துகொள்ளும். கடலுக்குப் போய் வந்த மறுநாளே பழுப்புப் புள்ளிகள். கத்தி போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம், குற்றம் சாணையுடையது. இதே காரணத்துக்காகக் கத்தியை எஃகுக் கம்பி நாரால் தேய்க்கவும் கூடாது.

ரப்பர் பால்மரம் வெட்டியவர்கள் இருந்த வீட்டில் தீட்டுகிற கை இருக்கும். அந்தக் கையை நம்புங்கள், கல்லை மட்டும் புதிதாக வாங்குங்கள். வாய் முறிந்திருந்தால் 400, இல்லையென்றால் 1000 என்று எண் போட்ட தண்ணீர்க் கல்லைப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். கத்தியின் கோணம் பக்கத்துக்கு 20 டிகிரி. அளவுகோல் வேண்டாம், கத்தியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்கினால் சரியாக இருக்கும். 25 மில்லிமீட்டர் அகலக் கத்திக்கு 8 மில்லிமீட்டர். இருபுறமும் வாய் உள்ளதென்றால் மேல்பக்கத்து வாயில் தடித்த நாடா ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

வாயின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் கருப்புக் கோடு போட்டு இரண்டு முறை தேயுங்கள். மை கூர் விளிம்புவரை அழிந்திருந்தால் கோணம் சரி. மேலே மட்டும் அழிந்திருந்தால் முதுகை இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டும். விளிம்பில் மட்டும் என்றால் இறக்க வேண்டும். மறுபக்கத்தில் பிசிறு எழும்வரை ஒரே பக்கத்தைத் தேயுங்கள். கட்டைவிரலை முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக, குறுக்கே இழுத்தால் பிசிறு நெருடும். அடியிலிருந்து நுனிவரை அது வந்த பிறகே திருப்புங்கள். கடைசியில் மாற்றி மாற்றி, கை எடையே இல்லாமல் பத்து இழுப்பு.

அதோடு நிறுத்திவிடுங்கள். சமையல் கத்திபோல் கண்ணாடியாக மெருகேற்றக் கூடாது. 1000 கல் விட்டுச்செல்லும் நுண்ணிய சொரசொரப்புதான் நைலானைக் கவ்வும்.

அரம்பப் பற்களைத் தட்டைக் கல்லில் தேய்த்தால் பல் அழிந்துவிடும். கூம்பு வடிவ வைரக் கோலை, பள்ளம் கடைந்த பக்கத்திலிருந்து ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் விட்டு நாலு இழுப்பு. பிறகு தட்டையான பக்கத்தைக் கல்லில் படுக்கவைத்து ஒரே ஒரு இழுப்பு, பிசிறு மட்டும் போகட்டும்.

கடலிலிருந்து வந்ததும் கத்தியை உறையிலிருந்து எடுத்து அரை மணி நேரம் நல்ல தண்ணீரில் போடுங்கள். பிடி கழலும் வகையென்றால் கழற்றுங்கள். துரு அங்கிருந்துதான் கிளம்பும். காய்ந்த பிறகு சிலிக்கோன் கிரீஸ் மெல்லியதாக. மோட்டார் எண்ணெய் வேண்டாம். கத்தியின் பட்டி இயற்கை ரப்பராக இருந்தால் எண்ணெயில் ஊறி வலுவிழந்து அறுந்துவிடும்.

கேள்வி: கத்தியைக் காலில் கட்டுவது சரியா? மாட்டிக்கொண்டால் முதலில் என்ன செய்வது? மகனுக்காகக் கேட்கும் ஒரு தாய், சித்தியவான்.

பதில்: அம்மா, காலின் வெளிப்புறத்தில் கட்டினால் வலை முதலில் பிடிப்பதே அந்தக் கத்தியைத்தான். கட்டத்தான் வேண்டுமென்றால் உட்புறத்தில் கட்டட்டும். அதைவிட, கத்தரி நெஞ்சுப் பட்டியிலும் கத்தி இடுப்பிலும் இருப்பது நல்லது. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால் அந்த இடம் சிக்கியதும் இரண்டும் போய்விடும்.

மாட்டியது தெரிந்ததும் அசையாமல் நிற்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. உடம்பைச் சுழற்றினால் முதுகிலுள்ள காற்று உருளையின் வால்வைச் சுற்றி வலை இன்னும் முறுக்கும். மூச்சை நிதானமாக இழுத்து விட்டு, காற்றளவைப் பார்த்து, துணைக்குச் சைகை காட்டட்டும். வந்த வழியே ஒரு முழம் பின்வாங்கினால் பல நேரம் தானாகவே கழன்றுவிடும். கழலாவிட்டால் துணைதான் வெட்ட வேண்டும், பின்னால் உள்ளது அவர் கண்ணுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு இழையாக, உடம்பிலிருந்து வெளிப்பக்கமாக. வெட்டிய முனையை விட்டுவிடாமல் கீழே ஒதுக்கிவிட வேண்டும்.

துணை எட்டாத தூரத்தில் இருந்தால், வாயிலுள்ள மூச்சுக் கருவியை விடாமல் இடக்கையை முதலில் பட்டியிலிருந்து உருவி, உருளையை வலப்பக்கமாக முன்னால் கொண்டுவந்து வெட்டலாம். குழாய் வலத்தோள் மேல் வருவதால்தான் அந்த வரிசை. அமிழ்வதற்கான ஈயக் கட்டி இடுப்பில் இருந்தால் கழற்றிய காற்றுச் சட்டை மேலே மிதக்கப் பார்க்கும், ஆள் கீழே போவார். ஈயம் சட்டையில் இருந்தால் நேர்மாறு. எப்படியானாலும் சட்டையை ஒரு கை விடக் கூடாது. இதை நீச்சல் குளத்தில், பயிற்றுநர் பக்கத்திலிருக்க, பலமுறை செய்து பழகட்டும். அதுவரை வலை கிடக்கும் பாறைக்கு அனுப்பாதீர்கள்.

கேள்வி: இணையத்தில் டைட்டேனியம் என்று வாங்கிய கத்தி துருப்பிடித்துவிட்டது. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: டைட்டேனியம் துருப்பிடிக்காது, காந்தத்திலும் ஒட்டாது. குளிர்ப்பெட்டியில் ஒட்டும் காந்தத்தைக் கத்தியின் வாயில் வையுங்கள். ஒட்டினால் அது எஃகு. ஒட்டாவிட்டாலும் டைட்டேனியம் என்று உறுதியில்லை, சில எஃகு வகைகளும் ஒட்டாது. அப்போது எடையைப் பாருங்கள். அதே அளவு எஃகில் பாதிக்குச் சற்று மேல்தான் டைட்டேனியம் கனக்கும்.

காந்தம் ஒட்டுவதைக் காணொளி எடுத்து, விற்பனைப் பக்கத்தின் படத்தோடும் ரசீதோடும் விற்றவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். மறுத்தால் மலேசியாவின் 1999 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை ஏற்பார்கள், கட்டணம் 5 ரிங்கிட், மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை. விற்றவரின் பெயரும் முகவரியும் அவசியம். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் ரசீது இல்லாமல் வாங்கியவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள்.

கேள்வி: டைவிங் கத்தியோடு பேருந்தில் மெர்சிங் போகலாமா?

பதில்: டைவிங் பைக்குள், உறையில் பூட்டி, மற்றக் கருவிகளோடு வைத்துக்கொண்டு போங்கள். சட்டைப் பையிலோ இடுப்பிலோ வேண்டாம். தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது 1958 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் கத்தியை வாங்கவே வாங்காதீர்கள். விமானத்தில் என்றால் கத்தி, கத்தரி, வெட்டி மூன்றையும் சரக்குப் பெட்டியில் போட்டுவிடுங்கள்.