சித்தப்பாவின் இரண்டு லட்சமும் ஆறு பேரின் பெயரும்

கேள்வி: சென்னையில் டிசைன் படித்து, கொஞ்ச நாள் வேலையும் பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பிவிட்டேன். வயது 27. ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு பனை ஓலைக் கொட்டான் என்கிற சின்னக் கூடைகள் பின்னி, கல்யாணங்களுக்கும் கடைகளுக்கும் கொடுக்கப் போகிறேன். ஆறு பேரும் வெவ்வேறு சமூகம். பாசிமணி கோர்க்கும் வேலையில் கெட்டிக்காரியான ஒருவர் திருநங்கை. இரண்டு லட்சம் போடுவதாகச் சொல்லும் சித்தப்பா, "ஆச்சி வீட்டுக் கைவேலைன்னு மட்டும் அச்சடி, பின்னினவங்க பேரெல்லாம் எதுக்கு? கண்காட்சியில அந்தப் பொண்ணை உட்கார வைக்காதே" என்கிறார். என்ன செய்யட்டும்?
- வாசகி, காரைக்குடி

பதில்: தங்கச்சி, இந்த நிபந்தனையோடு அந்தப் பணத்தை வாங்காதீர்கள். சித்தப்பாவைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. போட்ட பணம் திரும்பி வரணுமே என்ற பயத்தில் பேசுகிறார். அதனால் பங்காக வேண்டாம், கடனாகக் கொடுங்கள், வட்டியோடு இத்தனை மாதத்தில் திருப்பித் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பங்குதாரராக வந்தால் பெட்டியில் என்ன அச்சடிப்பது என்பதிலும் அவருக்குப் பேச்சு உண்டு, கடன் கொடுத்தவருக்கு அசலும் வட்டியும்தான். ஒத்துவரவில்லையா, சின்னதாகத் தொடங்குங்கள். ஓலை, சாயம், பாசி, நூல் என்று வாங்கப் பெரிய முதல் வேண்டியதில்லை.

'ஆச்சி வீடு' என்பதில் உண்மை இல்லாமல் இல்லை. ஒரு காலத்தில் செட்டியார் வீட்டுப் பெண்களான ஆச்சிமார்களே உட்கார்ந்து பின்னிக் கல்யாணச் சீரில் வைத்தார்கள். பிளாஸ்டிக் வந்து அது ஓய்ந்துபோய், பிறகு எம்.ஆர்எம்.ஆர்எம். கலாசார அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து மீட்டெடுத்தபோது, பின்னுகிற கை மாறிவிட்டது. இன்றைக்கு ஓலையை ஒரே அகலத்துக்குக் கிழித்து, கொதிக்கிற சாயத்தில் முக்கி எடுத்து, உலர்த்தி, மூடி இறுகவும் கூடாது நழுவவும் கூடாது என்று விரலாலேயே அளந்து பின்னுவது உங்களுடைய ஆறு பேர். நம் ஊர் பெரிய வீடுகளைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், கட்டின குடும்பத்தின் பெயர் எல்லாம் சொல்வார்கள், நிலைக்கதவைச் செதுக்கின ஆசாரி யார் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். ஆத்தங்குடியில் தரைக்கல்லுக்காகக் கண்ணாடி மேல் அச்சை வைத்துச் சாயக் கலவையை ஊற்றிப் பூ கொண்டுவருகிறவருக்கும் இதே கதிதான். புதிதாகத் தொடங்குகிற நீங்கள் ஏன் இந்த வழக்கத்தைத் தொடர வேண்டும்? பெட்டிக்குள் பின்னினவர் பெயரோடு ஒரு அட்டை வையுங்கள்.

ஆனால் பெயரை அச்சடித்துவிட்டுக் கூலியைப் பழையபடி வைத்தால் அது வெறும் விளம்பரம். ஒரு நாள் அவர்களோடு உட்கார்ந்து, ஓலை கிழிப்பதிலிருந்து கடைசிப் பாசி கோர்ப்பதுவரை ஒரு கொட்டானுக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று குறியுங்கள். உருப்படிக்கு இவ்வளவு என்று நீங்கள் போட்டிருக்கும் கூலி, மணிக்கணக்கில் பார்த்தால் ஊரில் மற்ற வேலைக்குக் கிடைப்பதைவிடக் குறைகிறதென்றால் விலையை ஏற்றத்தான் வேண்டும், வேறு வழியில்லை. புது டிசைன் போட்டவருக்கு அது விற்கும்போதெல்லாம் தனியாக ஒரு தொகை. எல்லாம் அவரவர் வங்கிக் கணக்கில்.

செட்டிநாடு கொட்டானுக்கு, அந்த ஊர்ப் பொருள் என்று காட்டும் புவிசார் குறியீடு இருக்கிறது. பின்னுகிறவர்களே அந்தக் குறியீட்டைப் பயன்படுத்தும் உரிமையுள்ள 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக'ப் பதிவு செய்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது, பதிவகம் சென்னை கிண்டியில். உங்கள் நிறுவனத்தின் பெயரில் மட்டும் போட்டுவிடாமல் அவர்கள் பெயரிலும் விண்ணப்பியுங்கள். அப்புறம், தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் உண்டு. 35 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதால் உங்களுக்குக் கிடைக்காது. ஆறு பேரில் அந்த வயதைத் தாண்டியவர்கள் இருப்பார்களே, அவர்களை மாவட்டத் தொழில் மையத்துக்குக் கூட்டிப்போங்கள். அவர்கள் கையிலும் முதல் இருந்தால்தான் நாளைக்கு உங்களிடமே "இந்த ரேட் கட்டாது" என்று சொல்ல முடியும். அந்தத் தைரியம் அவர்களுக்கு வர வேண்டும்.

பாசி வேலை செய்கிறவர் விஷயத்தில், சித்தப்பாவும் நீங்களும் பேசி முடிவு செய்ய எதுவுமில்லை, அவரைக் கேளுங்கள். ஸ்டாலில் உட்கார அவருக்கு விருப்பமென்றால் உட்காரட்டும், வேலையைப் பற்றி வாங்குகிறவர்களுக்கு அவரைவிட நன்றாக யார் சொல்லப் போகிறார்கள்? வேலையிடத்தில் திருநங்கைகளை ஒதுக்கக் கூடாது என்று 2019-லேயே சட்டம் வந்துவிட்டது. மதுரையில் பிறந்த திருநங்கை நர்த்தகி நடராஜ் பரதத்துக்காக அதே வருடம் பத்மஸ்ரீ வாங்கினதையும் சித்தப்பாவிடம் சொல்லுங்கள். ஆனால் 'திருநங்கை செய்தது' என்று அவர் கேட்காமல் அட்டையில் போட வேண்டாம். அவர் பெயரும் மற்ற ஐந்து பேர் பெயர் மாதிரியே இருக்கட்டும்.

கடைசியாகப் பணம். இந்தத் தொழிலில் போட்ட முதல் முடங்குவது ஆர்டர் கொடுத்தவர்கள் இழுத்தடிக்கும்போதுதான். பாதி முன்பணம் வாங்காமல் ஓலையைத் தொடாதீர்கள், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும் சரி. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், ஆதார், பான் எண்களை வைத்து ஆன்லைனிலேயே முடித்துவிடலாம். பதிந்த சிறு உற்பத்தியாளருக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் வருடச் சட்டம், தராவிட்டால் வட்டியோடு கேட்டுப் புகார் செய்யலாம். முதல் பில் போடுவதற்கு முன்னால் அந்தப் பதிவை முடித்துவிடுங்கள்.