பழைய ஆட்டோமேட்டிக் காரின் கியர் ஆயில்: மாற்றலாமா, நாமே மாற்றலாமா?

கேள்வி: 2010 மாடல் ஹோண்டா சிட்டி ஆட்டோமேட்டிக் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 1,10,000 கி.மீ. ஓடிய வண்டி. கியர் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்று பழைய ஓனருக்கே தெரியவில்லை. வண்டி இப்போது நன்றாகத்தான் ஓடுகிறது. எங்கள் ஏரியா மெக்கானிக், "இத்தனை வருஷமா மாத்தாத ஆயில்ல கை வைக்காதீங்க, மாத்தினா கியர்பாக்ஸ் போயிடும்" என்கிறார். நண்பர் ஒருவர் நீயே மாற்றிவிடலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? (மதுரை வாசகர்)

பதில்: மாற்றுங்கள். நீங்களே மாற்றலாம், அதுவும் சிட்டி மாதிரி டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) உள்ள வண்டியில் இது என்ஜின் ஆயில் மாற்றுகிற அளவு வேலைதான். ஆனால் மெக்கானிக் சொல்வது வெறும் பயமுறுத்தல் இல்லை, அதற்குப் பின்னால் அவர் கண்ணால் பார்த்த சில வண்டிகள் இருக்கும், அதனால் முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் உள்ள ஆயில் (ஏ.டி.எஃப். என்பார்கள்) வெறும் மசகு எண்ணெய் கிடையாது. கியர் மாறுவதற்கான அழுத்தத்தைக் கொடுப்பது அதுதான், என்ஜினின் சுழற்சியை டார்க் கன்வர்ட்டர் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவதும், சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதுதான். உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு மென்மையாகப் பிடிக்க வேண்டும் என்பதுகூட அதில் கலந்திருக்கும் ரசாயனத்தைப் பொறுத்தது. சூட்டில் இது கெட்டுப்போகும். நம் ஊர் வெயிலில், சிக்னலுக்கு சிக்னல் நின்று போகிற வண்டியில் இன்னும் சீக்கிரம்.

நிறைய பேர் கியர் வழுக்க ஆரம்பித்த பிறகுதான் ஆயில் மாற்ற வருகிறார்கள். அதற்குள் கிளட்ச் தட்டு தேய்ந்து முடிந்திருக்கும். புது ஆயில் ஊற்றி ஒரு மாதத்தில் வண்டி நின்றால் பழி ஆயில் மேல் விழும். இன்னொன்று, மெஷின் வைத்து அழுத்தத்தில் ஃப்ளஷ் செய்வது. வருடக்கணக்கில் அடியில் படிந்த கசடு ஒரே நேரத்தில் கிளம்பி ஆயிலை அங்கங்கே பிரித்து அனுப்பும் வால்வ் பாடியின் நுண்ணிய வழிகளில் போய் அடைத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. இந்த இரண்டையும் பார்த்த மெக்கானிக் "கை வைக்காதே" என்று சொல்வது இயல்பு. உங்கள் வண்டி வழுக்கவில்லை, டி-யில் போட்டதும் உடனே பிடிக்கிறது, கியர் மாறும்போது இடிக்கவில்லை என்றால், மாற்றாமல் விடுவதுதான் ஆபத்து.

எப்படி மாற்றுவது? ஒரே தடவையில் முழுதும் மாற்ற முடியாது என்பதை முதலில் மனதில் வையுங்கள். கீழே போல்ட்டைக் கழற்றினால் சுமார் இரண்டரை லிட்டர்தான் இறங்கும், மீதி டார்க் கன்வர்ட்டரிலும் கூலர் குழாய்களிலும் தங்கிவிடும். மொத்தம் ஆறு லிட்டர் அளவு பிடிக்கிற கியர்பாக்ஸில் ஒருமுறை இறக்கி ஊற்றினால் 42 சதவீதம்தான் புதுசு. இரண்டாவது முறையில் 66, மூன்றாவது முறையில் 80 சதவீதம் வரை போகும். அதனால் சில நூறு கிலோமீட்டர் இடைவெளி விட்டு மூன்று முறை இறக்கி ஊற்றுங்கள், எட்டு லிட்டர் வாங்கினால் போதும். பழைய வண்டிக்கு இந்த மெதுவான வழிதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. கசடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும், கியர்பாக்ஸுக்கும் திடீர் மாற்றம் இருக்காது, ஒவ்வொரு முறையும் என்ன வெளியே வருகிறது என்று உங்களுக்கும் பார்க்கக் கிடைக்கும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கில் தூக்கினால் கட்டாயம் ஜாக் ஸ்டாண்ட் வேண்டும், வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொண்டுபோகாதீர்கள், ஸ்டாண்ட் இல்லை என்றால் அன்றைக்கு அந்த வேலையே வேண்டாம். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் நன்றாக இறங்கும், நீண்ட தூரம் ஓட்டி வந்த உடனே திறந்தால் கை வெந்துவிடும்.

அப்புறம், கீழே இரண்டு போல்ட் தெரியும். ஹோண்டாவில் பலர் தவறுவது இங்கேதான், கியர் ஆயில் என்று நினைத்து என்ஜின் ஆயிலை இறக்கிவிட்டு, ஏற்கெனவே நிறைந்திருக்கும் கியர்பாக்ஸில் மேலும் இரண்டு லிட்டர் ஊற்றிவிடுவார்கள். என்ஜின் ஆயில் போல்ட் சாதாரண அறுகோணத் தலை. கியர்பாக்ஸ் போல்ட்டின் நடுவில் சதுரக் குழி இருக்கும், 3/8 அங்குல ராட்செட்டின் முனை சாக்கெட் இல்லாமலே அதில் நேராகப் பொருந்தும். அந்தச் சதுரத்தைக் கண்ணால் பார்த்த பிறகு கழற்றுங்கள். அதற்கும் முன்னால் மேலே டிப்ஸ்டிக் சுலபமாக வெளியே வருகிறதா என்று பார்த்துவிடுங்கள், ஏனென்றால் ஊற்றப்போவது அந்த வழியாகத்தான்.

இறங்கும் ஆயிலை அகலமான பேசினில் பிடித்து, காலி ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி அளந்துகொள்ளுங்கள். எவ்வளவு வந்ததோ அவ்வளவுதான் உள்ளே போக வேண்டும். போல்ட் முனையில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி நைசான படிவு இருந்தால் அது சாதாரணத் தேய்மானம், துணியால் துடைத்துவிடலாம். கையில் குத்துகிற மாதிரி உலோகத் துணுக்கு இருந்தாலோ, ஆயிலில் தீய்ந்த நாற்றம் அடித்தாலோ உள்ளே பெரிய வேலை இருக்கிறது என்று அர்த்தம். போல்ட்டை மாட்டும்போது புது அலுமினிய வாஷர் போடுங்கள். இறுக்கம் 49 நியூட்டன் மீட்டர், டார்க் ரென்ச் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பேனர்) இருந்தால் வைத்துப் பாருங்கள். பலம் கொண்ட மட்டும் இறுக்கினால் அலுமினிய உறையில் உள்ள மரை போய்விடும், அந்தச் செலவு ஆயில் செலவைவிடப் பெரியது.

அளவு பார்ப்பதில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு முறை. உங்கள் ஹோண்டாவில் ஓட்டிச் சூடாக்கி, என்ஜினை அணைத்து, 60 முதல் 90 நொடிக்குள் டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். டொயோட்டா, ஹூண்டாய் வண்டிகளில் டிப்ஸ்டிக் இருந்தால் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். ஒன்றின் முறையை இன்னொன்றில் செய்தால் அளவு தப்பாகக் காட்டும். குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். கூடினால் ஆயில் நுரைத்து, அழுத்தம் விழுந்து, கியர் வழுக்கும்.

கேள்வி: கடையில் "எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் இது செட் ஆகும்" என்று ஒரு சிவப்பு ஆயிலைக் கொடுக்கிறார்கள். கம்பெனி ஆயிலைவிட விலை நன்றாகவே குறைவு. வாங்கலாமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: எந்த வண்டி என்று நீங்கள் எழுதவில்லை, கடைக்காரரும் கேட்கவில்லை போலிருக்கிறது. கேட்காமல் கொடுக்கிற கடையில் இதை வாங்காதீர்கள். சிவப்பு என்பது வெறும் சாயம், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

சிட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2003-ல் வந்த தலைமுறையின் ஆட்டோமேட்டிக் உண்மையில் சி.வி.டி. (தனித்தனி கியர்கள் இல்லாமல் உலோக பெல்ட்டில் ஓடுவது), அதற்கு எச்.எம்.எம்.எஃப். என்ற தனி ஆயில். 2008 கடைசியில் வந்த வண்டியில் ஐந்து கியர் உள்ள வழக்கமான ஆட்டோமேட்டிக், அதற்கு முதலில் இசட்-1, அது நிறுத்தப்பட்ட பிறகு டி.டபிள்யூ-1. 2014-ல் வந்தது மறுபடி சி.வி.டி., அதற்கு எச்.சி.எஃப்-2. ஒரே பெயர் கொண்ட காருக்கு மூன்று விதமான ஆயில், ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஊற்றினால் கியர்பாக்ஸ் கெடும். சி.வி.டி.யில் உலோக பெல்ட் வழுக்காமல் பிடிக்க வேண்டும், அதற்கான ஆயிலின் குணமே வேறு. ஹூண்டாயில் பழைய நான்கு கியர் ஆட்டோமேட்டிக்குக்கு எஸ்.பி-3, பிறகு வந்த ஆறு கியருக்கு எஸ்.பி-4. டொயோட்டாவில் டைப் டி-4 கேட்கிற பழைய வண்டிக்கு டபிள்யூ.எஸ். ஊற்றக் கூடாது, அது இன்னும் நீர்த்தது.

எது வேண்டும் என்பது ஓனர் கையேட்டில் இருக்கும், பல வண்டிகளில் டிப்ஸ்டிக் தலையிலேயே அச்சடித்திருப்பார்கள். அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

வேறு கம்பெனி ஆயிலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெயர் பெற்ற நிறுவனம், உங்கள் வண்டிக்கான குறியீட்டைப் பெயர் சொல்லி லேபிளில் போட்டிருக்கிறது என்றால் வாங்கலாம். ஆனால் டெக்ஸ்ரான்-3 என்று மட்டும் பெரிதாகப் போட்டு விற்கும் டப்பாவைப் பார்த்து மயங்காதீர்கள். அந்தத் தரத்துக்கு உரிமம் கொடுப்பதை ஜெனரல் மோட்டார்ஸ் 2006-லேயே நிறுத்திவிட்டது. இப்போது அந்தப் பெயரில் வருவதற்கு அவர்கள் பொறுப்பு இல்லை, விற்கிற கம்பெனியின் வார்த்தை மட்டும்தான். என்னைக் கேட்டால், ஒரு பழைய வண்டிக்கு சில வருடங்களுக்கு ஒருமுறை செய்கிற செலவில் மிச்சம் பிடிக்க இது இடமே இல்லை. போலி டப்பாக்களும் ஓடுகின்றன, அதனால் சீல், தயாரித்த மாதம், எம்.ஆர்.பி., தயாரிப்பாளர் முகவரி எல்லாம் இருக்கிறதா பாருங்கள், ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: என்னுடையது 2015 செலேரியோ ஏ.எம்.டி. இதையும் இப்படியே செய்யலாமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: வேண்டாம். ஏ.எம்.டி. என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சையும் கியரையும் உங்களுக்குப் பதில் ஒரு இயந்திரக் கை மாற்றுகிறது. டார்க் கன்வர்ட்டரே கிடையாது. கியர்பாக்ஸுக்கு மேனுவல் கியர் ஆயில், அந்த இயந்திரக் கைக்குத் தனி ஹைட்ராலிக் ஆயில். மேலே சொன்ன ஏ.டி.எஃப். எதையும் அதில் ஊற்றாதீர்கள்.

கேள்வி: ஒரு ஒர்க்‌ஷாப்பில் கியர் ஆயில் முழுதும் மாற்றியதாகச் சொல்லி ஏழு லிட்டருக்கு பில் போட்டார்கள். வீட்டுக்கு வந்து டிப்ஸ்டிக்கைப் பார்த்தால் ஆயில் கறுப்பாகவே இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா? என்ன செய்வது? (சென்னை வாசகர்)

பதில்: கறுப்பாக இருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஒருமுறை இறக்கி ஊற்றினால் பாதிக்கு மேல் பழசு உள்ளேயே இருக்கும், புதுசும் அதோடு கலந்து சீக்கிரம் நிறம் மாறிவிடும். ஆனால் ஏழு லிட்டர் என்று பில் போட்டிருப்பதுதான் கேள்வி. ஒரே தடவை இறக்கி ஊற்றியிருந்தால் அவ்வளவு ஆயில் போயிருக்கவே முடியாது. மெஷின் வைத்தோ, பல முறை இறக்கியோ மாற்றியிருந்தால் ஆயில் ஓரளவு தெளிவாக இருக்க வேண்டும்.

வெள்ளை டிஷ்யூ பேப்பரில் இரண்டு சொட்டு விட்டுப் போட்டோ எடுங்கள், தேதியோடு. பில்லை எடுத்துக்கொண்டு போய் எந்த முறையில் மாற்றினீர்கள், எந்த ஆயில், பார்ட் நம்பர் என்ன, காலி டப்பா எங்கே என்று நிதானமாகக் கேளுங்கள். பதில் சரியாக வரவில்லை என்றால் அதே கேள்விகளை எழுத்தில் அனுப்பிப் பதில் கேளுங்கள், ஈமெயில் போதும். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். பல நிறுவனங்கள் இந்தக் கட்டத்திலேயே பணத்தைத் திருப்பித் தந்துவிடும். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை.

அடுத்த முறை வேலை ஆரம்பிக்கும் முன்பே, "பழைய ஆயிலை எனக்கு அளந்து காட்டுங்கள், காலி டப்பா எனக்கு வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். நேர்மையாக வேலை செய்கிறவர்கள் இதற்குக் கோபப்படுவதில்லை.

கேள்வி: நானே மாற்றிவிட்டேன். வெளியே எடுத்த பழைய ஆயிலை எங்கே கொட்டுவது? கரையானுக்கு ஊற்றலாம் என்கிறார்கள். (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: மண்ணில் ஊற்றாதீர்கள், சாக்கடையிலும் கூடாது. கரையான் போவதற்கு முன் உங்கள் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போகும். மூடி இறுகிய கேனில் ஊற்றி, பக்கத்தில் பழைய ஆயிலை பேரலில் சேர்த்து வைக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பு ஆட்கள் வந்து எடுத்துப் போகிறார்களா என்று கேட்டுவிட்டே கொடுங்கள். பெட்ரோல், கூலண்ட், பிரேக் ஆயில் எதையும் அதே கேனில் கலக்க வேண்டாம், கலந்தால் அவர்களால் அதைச் சுத்திகரிக்க முடியாது. குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், குறிப்பாக அளப்பதற்குத் தண்ணீர் பாட்டில் பயன்படுத்தியிருந்தால் வேலை முடிந்த அன்றே அந்த பாட்டில்களைக் காலி செய்து, நசுக்கி, அப்புறப்படுத்திவிடுங்கள்.