பிடிஎஃபை வேர்டில் திறந்தால் பக்க அமைப்பு ஏன் கலைகிறது?

வேர்ட் 2013 முதல் பிடிஎஃபைத் திறந்து திருத்தலாம் என்பது சரிதான். ஆனால் நீங்கள் திருத்துவது அந்த பிடிஎஃபை அல்ல, வேர்ட் ஆவணமாக மாற்றிய ஒரு நகலை. கலைவது அந்த மாற்றத்தில்தான்.

பிடிஎஃபுக்குள் பெரும்பாலும் பத்தி, அட்டவணை என்றெல்லாம் எதுவும் இருக்காது. 'இந்த எழுத்தை இந்த இடத்தில் வை' என்ற குறிப்புகள்தான் இருக்கும். எது பத்தி, எது தலைப்பு என்பதை வேர்ட் ஊகிக்கிறது. சாதாரணக் கடிதம் தப்பிவிடும். பக்கத்தை இரண்டு நெடுவரிசையாகப் பிரித்த அமைப்பு, அடிக்குறிப்பு, படம் என்று வந்தால் சிதறும்.

லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் பிடிஎஃபை டிரா என்ற தன் வரைபடச் செயலியில் திறக்கும். தோற்றம் ஓரளவு நிற்கும், ஆனால் வரிகள் பெரும்பாலும் தனித்தனிப் பெட்டிகளாக வரும். ஒரு வரியில் இரண்டு சொல் சேர்த்தால் மிச்சம் அடுத்த வரிக்கு ஓடாது.

தமிழ் என்றால் கூடுதல் தலைவலி. கொம்பு முன்னால் தெரிந்தாலும் யூனிகோடு என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படும். பிடிஎஃபில் கண்ணுக்குத் தெரியும் வரிசையே பதிந்திருந்தால் 'கெ', 'கொ' எல்லாம் உடைந்து வரும்.

ஸ்கேன் செய்த கோப்பு வெறும் படம், படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர் இல்லாமல் எழுத்தே கிடைக்காது.

அதனால் முதலில் மூல ஆவணம் கிடைக்குமா என்று அனுப்பியவரிடம் கேளுங்கள். ஓரிரு எழுத்துப்பிழைக்கு மட்டும் என்றால் பிடிஎஃபை நேரடியாகத் திருத்தும் ஒரு செயலியே போதும்.