செல்போனில் ‘வாட்ச்மென்’ படிக்கலாமா?

கே: உலகமே தலையில் வைத்துக் கொண்டாடுகிறதே என்று ‘வாட்ச்மென்’ காமிக்ஸைத் தள்ளுபடியில் வாங்கி, செல்போனில் படிக்க ஆரம்பித்தேன். ஐந்தாவது இதழிலேயே கொட்டாவி வந்துவிட்டது. இதற்கா இவ்வளவு பில்டப்? (வாசகர், திருப்பூர்)

ப: கொட்டாவிக்குப் பாதிக் காரணம் உங்கள் செல்போன். கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதியைப் போட்டுத்தானே படித்தீர்கள்? ஆலன் மூர் எழுத, டேவ் கிப்பன்ஸ் வரைய, 1986-87இல் 12 இதழ்களாக வந்த சூப்பர் ஹீரோ தொடர் இது. பக்கத்துக்கு ஒன்பது கட்டம் என்பதுதான் அடிப்படைக் கணக்கு. திடீரென்று ஒரு கட்டம் பெரிதானால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். எல்லாக் கட்டமும் திரையை அடைத்துக்கொண்டு வந்து நின்றால் எது பெரிசு, எது சிறிசு என்று எப்படித் தெரியும்?

நீங்கள் மூடி வைத்த அந்த ஐந்தாவது இதழையே எடுங்கள். மொத்தம் 28 பக்கம். முதல் பக்கத்தின் கட்ட அமைப்பு கடைசிப் பக்கத்தில் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பி வரும். இரண்டாம் பக்கத்துக்கு ஜோடி 27ஆம் பக்கம். இப்படியே இரு முனையிலிருந்தும் நகர்ந்து வந்து 14, 15இல் சந்திக்கும். தன்னைக் கொல்ல வந்தவனை, கதையின் முக்கியப் பாத்திரங்களில் ஒருவரான ஏட்ரியன் வெய்ட் அடித்து வீழ்த்தும் காட்சி அங்கேதான், நடுமடிப்பைத் தாண்டி விரிகிறது. டேப்லெட்டைப் படுக்கைவாக்கில் பிடித்து, இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

மீதிப் பாதியில் உங்கள் கட்சிதான் நானும். பேப்பர் கடையோரம் உட்கார்ந்து ஒரு பையன் படிக்கும் கடல்கொள்ளைக் கதை இருக்கிறதே, புத்திசாலித்தனம்தான், ஆனால் இழுவை. அறிவியல் புனைகதைக்குத் தரும் ஹியூகோ விருது, ‘டைம்’ பத்திரிகையின் நூறு நாவல் பட்டியல் எல்லாம் இருக்கட்டும். செவ்வாய் கிரகத்தில் ஒரு பழைய போட்டோவோடு, அமானுஷ்ய சக்தி கொண்ட டாக்டர் மன்ஹாட்டன் நேற்றையும் நாளையையும் இப்போதே நடப்பதாகச் சொல்லிக்கொண்டு போகும் நாலாவது இதழ் ஒன்றுக்காகவே நான் இதற்குக் கொடி பிடிப்பேன்.

கே: அப்படியானால் செல்போனில் எதைத்தான் படிப்பது?

ப: ‘சாகா’ என்ற விண்வெளிக் காமிக்ஸ் தொடர். எழுத்து பிரையன் கே. வான், ஓவியம் ஃபியோனா ஸ்டேப்பிள்ஸ், 2012இல் தொடங்கியது. ஸ்டேப்பிள்ஸ் கணினியிலேயே வரைபவர். பக்கத்துக்குக் கட்டங்களும் குறைவு, கண்ணை உறுத்தாது. 2018இல் 54ஆம் இதழோடு ஒரு பெரிய இடைவெளி விட்டு 2022இல் திரும்பினார்கள். அந்த 54 வரைக்கும் புகழ்ச்சி அத்தனையும் தகும். அப்புறம் வேகம் கொஞ்சம் மட்டுதான்.

கே: இரும்புக்கை மாயாவி இப்போது படித்தால் சப்பென்று இருக்கிறதே?

ப: கதை அப்போதும் அப்படித்தான், சார். கரண்ட் ஷாக் அடித்தால் ஆள் மறைவார், கை மட்டும் தெரியும், அவ்வளவுதான் சமாச்சாரம். பலூனில் இருக்கும் வசனத்தை விட்டுவிட்டு, ஸ்பெயின்காரர் ஜீசஸ் பிளாஸ்கோ போட்டிருக்கும் கறுப்பு நிழல்களை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். இதற்கு உங்கள் செல்போன் தாராளமாகப் போதும்.